லிஃப்டில் ஏறிய அறுபது பேர்

மும்பை மாட்டுங்காவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட்மேனாக இருக்கிறேன். பத்தொன்பது வருஷம் ஆகிறது. பழைய லிஃப்ட். இரண்டு இரும்பு மடக்குக் கதவு. இரண்டும் சரியாகச் சாத்தாவிட்டால் நகராது. வயதானவர்களுக்கு அதை இழுக்கத் தெம்பு இல்லை. அதனால்தான் என் வேலை இன்னும் இருக்கிறது. வீடு தாராவியில். காலையில் நடந்தே வந்துவிடுவேன்.

லிஃப்ட் வேலை பாதி நேரம் சும்மா உட்காரும் வேலை. காலையில் ஆபீஸ்காரர்கள். மாலையில் கோயிலுக்குப் போகிறவர்கள். நடுவில் ஸ்டூலும் சுவரும்தான்.

ஒரு நாள் பார்சல் கொண்டுவந்த ஆள் போனை அழுத்திக்கொண்டே நின்றான். என்ன என்று கேட்டேன்.

"இது வேலைண்ணே. படம் காட்டும். படத்துல சிக்னல் இருக்கா இல்லையான்னு அழுத்தணும். காசு வரும்."

"யார் குடுப்பா?"

"யாரோ. எங்கயோ. வருது, அவ்வளவுதான்."

என் போனிலும் அந்த ஆப்பை ஏற்றிக் கொடுத்தான். அந்தக் குஷியில் மூன்றாம் மாடிப் பார்சலை மறந்துவிட்டுப் போய்விட்டான். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்படித் தொடங்கியது. படத்தில் சிக்னல். படத்தில் நாய். ஒருவர் பேசுவதைக் கேட்டுத் தமிழில் எழுது. நான் எட்டாவது வரை முனிசிபல் தமிழ்ப் பள்ளி. எழுத வரும். சில வேலைகள் காலேஜ்காரர்கள் கொடுப்பது. ஆராய்ச்சி என்று போட்டிருக்கும். கேள்வி கேட்பார்கள். அதற்குக் காசு கொஞ்சம் நன்றாக வரும்.

ஒரு தொல்லை உண்டு. லிஃப்ட் மேலே போனால் நெட் போய்விடும். கீழே வந்தால்தான் வரும். அதனால் கிரவுண்ட் ஃப்ளோரில் மட்டும் 'அனுப்பு' அழுத்துவேன். யார் மணி அடித்தாலும் அழுத்திவிட்டுத்தான் ஏறுவேன்.

"கீழ யாரோட கொஞ்சிண்டிருக்கே?" என்பார் நாலாம் மாடி மாமி.

"வேலை, மாமி."

"லிஃப்டுக்குள்ள லிஃப்டை விட்டா வேற என்னப்பா வேலை?"

அதற்குள் மாடி வந்துவிடும்.

தீபாவளி கழிந்து ஒரு வேலை வந்தது. ஒரு மருந்துச் சீட்டின் படம். 1-0-1 என்று போட்டிருந்தது. கீழே 'உணவுக்குப் பின்' என்று தமிழில். இந்த மாத்திரையை எப்போது சாப்பிடுவீர்கள், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேள்வி. பேசிப் பதிவு செய்ய வேண்டும்.

மற்ற வேலையில் வருவதெல்லாம் தெரியாத ஊர், தெரியாத தெரு. இது எனக்குத் தெரிந்த விஷயம். என் மனைவிக்குப் பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. தீபாவளிக்கு முன்னால் ஒரு காலை வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டு, குழாயடியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். சீட்டில் சாப்பாட்டுக்குப் பின் என்று தெளிவாக இருந்தது. ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். கண்ணாடி எடுக்கவில்லை என்றாள். அதோடு விட்டேன்.

இந்த மாதிரி வேலைகளில் கடைசியில் ஒரு கட்டம் இருக்கும். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று. யாரும் எழுத மாட்டார்கள். எழுதினாலும் காசு கூடுதலாக வராது. நான் எழுதினேன். "எங்கள் பக்கம் காலையில் டீ மட்டும். சாப்பாடு பதினோரு மணிக்கு. காலை மாத்திரை எந்தச் சாப்பாட்டுக்குப் பின்?"

இரண்டு நாள் கழித்து ஆப் வழியாகப் பதில் வந்தது. "நன்றி. நாங்கள் இதை யோசிக்கவே இல்லை."

அதை நான் அழிக்கவில்லை. இன்னும் போனில் இருக்கிறது.

எங்கள் சந்தில் ஒரு டெய்லர் இருக்கிறான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அந்தச் சீட்டு வேலையில் இன்னும் ஆள் எடுக்கிறார்கள், படிக்க வராவிட்டாலும் கேள்வியைக் குரலில் கேட்கலாம், சேர்ந்துகொள் என்று சொன்னேன். மறுநாள் வந்தான்.

"அண்ணாச்சி, அது பூட்டிக் கெடக்கு."

பார்த்தேன். இருநூறு பேருக்கு நூற்று நாற்பது பேர் முடிந்தது, நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று காட்டியது.

அதே வாரம் ஆப்பில் ஒரு நோட்டீஸ் வந்தது. இங்கிலீஷ். இரண்டாம் மாடி சாரிடம் காட்டினேன். மாடிக்கும் மாடிக்கும் நடுவில் படித்து முடித்தார்.

"வேலை குடுக்கறவாகிட்ட வாங்கற கமிஷனை ஏத்தியிருக்கான். வேலை செய்யறவாளுக்கு ஒரு மாத்தமும் இல்லைன்னு போட்டிருக்கான். உனக்கு ஒண்ணுமில்லைப்பா."

எனக்கு நிம்மதி. ஆனால் அடுத்த வாரம் காலேஜ் வேலை குறைந்தது. அதற்கடுத்த வாரம் நின்றது. படத்தில் நாய் மட்டும் மிச்சம். அதுவும் எப்போதாவதுதான். எனக்கு ஒரு மாற்றமும் இல்லை என்பதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. எனக்குக் கொடுப்பது ஏறவில்லை, இறங்கவில்லை. கொடுக்கிறவர்கள்தான் போய்விட்டார்கள்.

ஆராய்ச்சி வேலையில் முதல் பக்கம் சம்மதப் பக்கம். அதில் ஒரு போன் நம்பர் இருக்கும். சந்தேகமோ குறையோ இருந்தால் கூப்பிடவும் என்று. அதை யாரும் படிப்பதில்லை. கீழே இழுத்து 'சம்மதம்' அழுத்திவிடுவார்கள். நான் படித்திருந்தேன், நம்பரையும் எழுதி வைத்திருந்தேன். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை எங்கள் கட்டடம் தூங்கும். அந்த நேரத்தில் கூப்பிட்டேன்.

ஒரு பெண் எடுத்தாள். முதலில் இங்கிலீஷ், பிறகு ஹிந்தி, பிறகு தமிழ்.

"ஏதாவது குறையா?"

"குறை இல்லம்மா. சீட்டு வேலை ஏன் நின்னுச்சு?"



"நீங்க எங்கேர்ந்து பேசறேள்?"

"லிஃப்ட்லருந்து."

அவள் சிரித்துவிட்டாள். "இந்த நம்பருக்கு இதுவரைக்கும் ஒருத்தர்கூடப் பண்ணினதில்லைண்ணா. வேலை செய்யறதான்னு பார்க்க எங்கம்மாவை விட்டுப் பண்ணச் சொன்னேன். அதோட சரி."

பதினோரு மணிச் சாப்பாட்டுக்காரர் நான்தான் என்று சொன்னேன். அவளுக்கு ஞாபகம் இருந்தது. பிறகு எல்லாம் சொன்னாள்.

வீடு செம்பூரில். காலேஜும் அந்தப் பக்கம்தான். தாத்தா காலத்தில் வந்த குடும்பம். தமிழ் பேச வரும், படிக்கத் தடுமாறும். சீட்டில் இருந்த தமிழை அவள் அப்பா எழுதிக் கொடுத்ததாம். படிக்க வராதவர்களுக்குப் போனில் பேசும் மருந்துச் சீட்டு ஒன்று செய்ய வேண்டும். அதுதான் அவள் வேலை. ஆஸ்பத்திரிக்காரர்கள் சரி என்றிருக்கிறார்கள். ஆனால் முதலில் இருநூறு பேரிடம் கேட்டுக் காட்ட வேண்டும். மிச்சம் அறுபது பேர். அந்த அறுபதும் படிக்க வராதவர்களாக இருக்க வேண்டும். மார்ச் கடைசிக்குள் முடிக்காவிட்டால் ஆராய்ச்சிப் பணம் திரும்பிப் போய்விடும். பேசும் சீட்டும் அதோடு போய்விடும்.

"நான் உங்களுக்குத் தர்றது ஒண்ணு. ஆப்புக்குத் தர்றது தனி. முன்னாடி அது கொஞ்சமா இருந்தது. இப்ப ஏத்திட்டா. தமிழ் பேசறவா மட்டும் வேணும்னா அதுக்குத் தனியா. மும்பைல இருக்கறவான்னா அதுக்கு வேற. எல்லாம் சேர்த்தா உங்களுக்குத் தர்ற அளவு கிட்டத்தட்ட அவாளுக்கும் போறது."

"நாங்க தமிழ் பேசறதுக்கு அவனுக்குக் காசா?"

"அப்படித்தான் ஆறது."

"இருக்கற பணம் அறுபது பேருக்கு வராதா?"

"நாப்பது பேருக்குத்தான் வரும். ஆளுக்குத் தர்றதைக் குறைன்னு எங்க சார் சொல்றார். குறைச்சா யாரும் யோசிக்காம அழுத்திட்டுப் போயிடுவா."

"போவோம்" என்றேன். அது உண்மை.

மணி அடித்தது. ஐந்தாம் மாடி. போகும் முன் சொன்னேன். "ஆள்தானம்மா வேணும். எங்க சந்துல ஆளுக்குப் பஞ்சமில்ல."

உடனே நடக்கவில்லை. ஆப் இல்லாமல் நேராக ஆட்களிடம் கேட்க அவள் காலேஜில் அனுமதி வாங்க வேண்டும். எழுதிக் கொடுத்து, கமிட்டி உட்கார்ந்து, கேள்வி கேட்டு, பிப்ரவரி பிறந்துவிட்டது. ஆப் கொடுத்த அதே காசை ஆட்கள் கையில் நேராகக் கொடுக்கலாம் என்று ஆனது. ஆப்பின் பங்கு மிச்சம்.

எங்கள் ஊர்க்காரர்களின் சங்கத்துக்குத் தாராவியில் மாடியில் ஓர் அறை உண்டு. ஞாயிறு காலை அதைக் கேட்டு வாங்கினேன். ஆட்களிடம் போய்ச் சொன்னேன். அங்கேதான் நான் தப்பு செய்தேன்.

"பரீச்சையா அண்ணாச்சி?" என்றான் டெய்லர். "நான் மூணாவதுலயே ஃபெயிலு."

அவன் மனைவி உள்ளேயிருந்து சொன்னாள். "காலேஜ்காரி முன்னால முழிச்சிக்கிட்டு நிக்கணுமாக்கும். நான் வரல."

எல்லோருக்கும் அதே பயம். வெளியாள் முன்னால் தெரியாது என்று சொல்வது எங்கள் பக்கம் பெரிய குறைச்சல். சனிக்கிழமை மாலை என் வீட்டு வாசலில் எல்லோரையும் நிறுத்தினேன்.

"பயப்பட ஒண்ணுமில்ல. ஒண்ணு, சைபர், ஒண்ணு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நடுவுல சைபர். மதியம் லீவு. அவ்வளவுதான்."

"மதியம் லீவு" என்று எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். என் மனைவி உள்ளே கார்மென்ட் கம்பெனித் துணியில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை தூக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

மறுநாள் பதினாறு பேர் வந்தார்கள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தார்கள். ஒருவரிடம் கேட்டால் சுற்றி ஐந்து பேர் வாயசைத்தார்கள். ஒரு பெரியம்மா கொஞ்சம் தயங்கினார்.

"சொல்லுங்க பெரியம்மா, நேத்துப் படிச்சதுதான" என்றான் டெய்லர்.

"ஏல, சும்மா இரு. எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, பெரியம்மா சரியாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

செம்பூர்ப் பெண் அன்று ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் காசு கொடுத்து, கையெழுத்து வாங்கி, சாயா குடித்துவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"அண்ணா, மதியம் லீவுன்னு சொல்றது உங்க ஊர்ப் பேச்சா?"

"இல்லம்மா."

"பதினாறு பேரும் அதையே சொல்லியிருக்காளே."

லிஃப்ட் மணி அடித்தது. போகவில்லை. திரும்ப அடித்தது.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றேன்.

"ஏன்ணா?"

"தப்பாச் சொன்னா அவங்களுக்குக் கேவலம்."

"எனக்குத் தப்புதாண்ணா வேணும். எங்க தப்பாப் புரிஞ்சுக்கறான்னு தெரியத்தானே இவ்வளவும்."

பதினாறும் வீண். அவர்களிடம் திரும்பக் கேட்க முடியாது. அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. பணம் போதுமா என்று கேட்டேன். ஆப்புக்குப் போகவேண்டிய பங்கு மிச்சம் இருப்பதால் இன்னும் அறுபது பேருக்கு வரும் என்றாள். அந்தப் பங்கு என் தப்புக்குப் போனது. இனி ஒரு தப்புக்கு இடமில்லை.

அன்றைக்கு நாலாம் மாடி மாமி லிஃப்டில் ஏறி என்னைப் பார்த்தார். "என்னப்பா, மூஞ்சி தொங்கறது?"

"ஒண்ணுமில்ல மாமி."

அவர் விடவில்லை. இறங்குவதற்குள் தன் கதை ஒன்றைச் சொன்னார். மருமகளிடம் சொல்லாதது, மாமாவிடமும் சொல்லாதது. சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். அவர் எப்போதும் அப்படித்தான். அவர் மட்டுமில்லை. அந்தக் கட்டடத்தில் யாருக்கு வேலை போனது, யாருக்குக் காது கேட்கவில்லை என்பதெல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். லிஃப்டில் மனிதர்கள் சொல்லிவிடுவார்கள். கேட்பது ஒரே ஆள். கதவு சாத்தியிருக்கும். சீக்கிரம் முடிந்துவிடும்.

தாராவியில் அப்படி ஓர் இடம் கிடையாது. எங்கள் வீட்டில் ஒருவர் இருமினால் பக்கத்து வீட்டிலிருந்து "தண்ணி குடி" என்பார்கள். இங்கே இருந்தது. நான் தினமும் உட்காரும் இடம்.

கட்டடத்துச் சொசைட்டி செக்ரட்டரியிடம் போனேன். ரிட்டயர் ஆன பேங்க் ஆபீசர்.

"ஏம்ப்பா, நம்ம லிஃப்ட் என்ன ஜயண்ட் வீலா? தாராவி முழுக்க ஏறி இறங்கணுங்கறே?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் சார். ரெண்டுலருந்து நாலு."

"என்னத்துக்கு?"

"மருந்துச் சீட்டு படிக்கத் தெரியாதவங்களுக்காக சார்."

அவர் மேஜையில் அவருடைய மருந்து டப்பா இருந்தது. ஏழு நாளுக்கு ஏழு அறை. அதை ஒருமுறை பார்த்தார்.

"எனக்கே என் பொண்ணு அடைச்சுக் குடுத்துட்டுப் போறா" என்றார். "சரி. ரெண்டாம் மாடிக்கு மேல போகப்படாது. சத்தம் கூடாது. கதவைப் படார்னு சாத்தினா நான் இறங்கி வந்துடுவேன்."

இந்த முறை எங்கள் சந்தில் யாரையும் கூப்பிடவில்லை. நாலு சந்து தள்ளி, எனக்குப் பழக்கமில்லாதவர்களைக் கூப்பிட்டேன். என்ன கேட்பார்கள் என்றதற்கு ஒரே பதில். "எனக்குத் தெரியாது." வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமில்லை. சம்பளமே அதற்குத்தான்.

வந்தவர்கள் காம்பவுண்டில் பெஞ்சில் இருப்பார்கள். ஒருவரை மட்டும் உள்ளே விடுவேன். அந்தப் பெண் என் ஸ்டூலில் இருப்பாள். இரண்டு கதவையும் சாத்துவேன். பட்டனை அவளே அழுத்துவாள். லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் கீழுக்கும் நிதானமாகப் போய் வரும். முடித்து இறங்குகிறவரைப் பின் கேட் வழியாக டீக்கடைக்கு அனுப்பிவிடுவேன். காத்திருப்பவர்களை அவர் பார்க்கவே முடியாது.

முதல் ஆள் தோல் பை தைக்கிறவர். லிஃப்ட் ஏறி ஒரு நிமிஷம் ஆகவில்லை, மேலேயிருந்து சத்தம் வந்தது.

"நூத்தியொண்ணு மாத்திரையா? யம்மா, ஆளைக் கொல்லவா பாக்கிய?"

நாலாம் மாடிக் கதவு திறந்தது. "யாருக்குப்பா நூத்தியொண்ணு மாத்திரை?" என்றார் மாமி, தூக்கக் குரலில்.

"யாருக்கும் இல்ல மாமி. தூங்குங்க."

லிஃப்ட் கீழே வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். தப்பான பதிலுக்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

கம்பி வலை வழியாக எல்லாம் எனக்கும் கேட்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அது சரியில்லை. அடுத்த ஆளிலிருந்து கதவைச் சாத்தியதும் நான் பின் கேட்டுக்குப் போய் நின்றுகொண்டேன்.

முதல் ஞாயிறு பதினெட்டு பேர். அடுத்தது இருபத்து மூன்று. யார் என்ன சொன்னார்கள் என்று அவள் சொல்ல மாட்டாள். சில விஷயங்களை மட்டும் ஆள் தெரியாமல் சொல்வாள். ஒரு பெண் வெள்ளிக்கிழமை விரதமாம். அன்றைக்கு உணவும் இல்லை, உணவுக்குப் பின்னும் இல்லை, ஆகவே மாத்திரையும் இல்லையாம்.

"இதெல்லாம் ஆப்புல வரவே இல்லைண்ணா" என்றாள். "அங்க எல்லாரும் சரியாச் சொல்லிட்டுப் போயிட்டா. இல்லேன்னா சொன்ன மாதிரி பண்ணிட்டா."

ஆப்பை நான் திட்ட மாட்டேன். அது இல்லாவிட்டால் செம்பூர்ப் பெண்ணை எனக்குத் தெரிந்திருக்காது. நடுவில் நிற்பவனுக்கும் கூலி வேண்டும். நானும் நடுவில் நிற்பவன்தான், மாடிக்கும் தரைக்கும் நடுவில். ஆனால் என் கூலி ஏறுபவரால் தாங்க முடியாதபடி ஏறினால் அவர்கள் படியில் போவார்கள்.

மூன்றாம் ஞாயிறு மார்ச் நடுவில். பத்தொன்பது பேர் வேண்டும். பதினெட்டுதான் வந்தார்கள். மூன்றரை மணி. பெஞ்ச் காலி. அந்தப் பெண் வெளியே வந்து ரோட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மூன்றே முக்காலுக்கு ஓர் ஆள் வியர்த்து ஓடி வந்தார். இஸ்திரி போடுகிறவர். துணி டெலிவரி முடித்துவிட்டு வந்தாராம்.

"முடிஞ்சிருச்சா?"

"ஏறுங்க" என்றேன்.

அவர் இறங்கி வந்தபோது அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். காகிதத்தைக் காட்டினாள். அறுபது. இரண்டு கையாலும் காகிதத்தை மார்போடு பிடித்துக்கொண்டு என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் கதவைச் சாத்தப் போனேன். அப்போது காம்பவுண்டுக்குள் என் மனைவி வந்துகொண்டிருந்தாள். புடவையில் நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. அவள் அந்தக் கட்டடத்துக்கு வந்ததே இல்லை.

"என்ன?"

"எல்லாரும் இதுல ஏறுதாவ. நான் ஏறக்கூடாதா?"

"முடிஞ்சிருச்சு. அறுபது ஆயிருச்சு. நான் சொல்லிக் குடுத்தது உனக்கும் காதுல விழுந்துச்சு. நீ கணக்குல வரமாட்ட."

"கணக்குல வர யாரு கேட்டா?"

செம்பூர்ப் பெண் எழுந்தாள். "வாங்கோக்கா" என்றாள்.

இரண்டு கதவையும் நான்தான் சாத்தினேன். மனைவி என்னைப் பார்க்கவில்லை. லிஃப்ட் மேலே போனது. நான் பின் கேட்டைத் தாண்டி டீக்கடை வரை போய் நின்றேன். நாலு அடித்ததும் திரும்பி வந்தேன். யாரோ மணி அடித்தார்கள். லிஃப்ட் வரவில்லை. செக்ரட்டரி படியில் இறங்கி வந்தார்.

"நாலாச்சே?"

"இன்னும் ரெண்டு நிமிஷம் சார்."

"யார் மேல?"

"வீட்ல."

அவர் திரும்பிப் படி ஏறினார்.

இறங்கி வந்தபோது இருவரும் சாதாரணமாக இருந்தார்கள். மனைவி வலை வழியாக லிஃப்டை மேலும் கீழும் பார்த்தாள். "இதுக்குள்ளயா பத்தொம்பது வருசம் இருக்கிய?" என்றாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று செம்பூர்ப் பெண்ணிடம் நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

நாங்கள் நடந்தே வீட்டுக்குப் போனோம். பாலம் ஏறும்போது "என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"கேட்டதுக்குச் சொன்னேன்."

மறுநாள் காலை டீ குடித்து முடித்தேன். அவள் மாத்திரை அட்டை மூன்றையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். கூடவே ஆஸ்பத்திரிச் சீட்டு.

"இதுல மதியம் லீவு எது?"

நான் சீட்டை அவள் பக்கம் திருப்பினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"கண்ணாடிய எடுத்துட்டு வரவா?" என்றேன்.

"கண்ணாடி போட்டாலும் தெரியாது. எனக்கு வாசிக்கத் தெரியாது."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். கல்யாணப் பத்திரிகை வந்தால் கையில் வாங்கிப் பார்ப்பாள். ரேஷன் கடைப் போர்டைப் பார்த்து நிற்பாள். நான் ஒருபோதும் சந்தேகப்படவில்லை. அவள் அதைச் சொன்ன முதல் ஆள் நான் இல்லை. லிஃப்டில் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் சொல்ல முடிந்திருக்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை.

மூன்று அட்டையையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது காலை, பதினோரு மணிச் சாப்பாடு முடிந்ததும். இது காலையும் ராத்திரியும். இது ராத்திரி மட்டும்.

"அப்ப எதுவுமே மதியம் கெடையாது."

"கெடையாது."

"இத்தன நாளா ஒண்ணு மதியம் போட்டுட்டிருந்தேன்."

அன்றே அவளை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் பார்த்துவிட்டு, பயமில்லை, இனி சரியாகப் போடட்டும் என்றார்.

மார்ச் முடியும் முன்னால் செம்பூர்ப் பெண் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். அறுபது பேர் நேரில் சொன்னவர்கள், மற்றவர்கள் ஆப்பில் சொன்னவர்கள் என்று பிரித்தே எழுத வேண்டும், இரண்டும் ஒன்றில்லை என்றாள். வீணாய்ப்போன பதினாறையும் எழுதினாளாம். மறைக்கக்கூடாதாம். என் பெயர் போடவில்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் பதிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்று மட்டும் போட்டிருக்கிறது. அதுவும் சரிதான்.

பிறகு அவள் காலேஜிலிருந்து இன்னொருவர் கூப்பிட்டார். அவருக்கும் ஆப் கட்டுப்படியாகவில்லை. ஆட்டோ ஓட்டுகிறவர்களிடம் ஏதோ கேட்க வேண்டும். உங்கள் லிஃப்ட் கிடைக்குமா என்றார். செக்ரட்டரியிடம் சொன்னேன். கரண்ட் பில்லுக்கு ஏதாவது தரச் சொல் என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் பேசும் சீட்டு வந்தது. முதலில் கொஞ்சம் பேருக்குத்தான், சோதனைக்கு. சீட்டில் ஒரு கட்டம் இருக்கும். போனை அதன் முன்னால் காட்டினால் பேசும். மனைவி சீட்டைக் கீழே வைத்து, போனை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினாள்.

ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. "காலைல டீ மட்டும் குடிச்சா மாத்திரை வேண்டாம். முதல் சாப்பாடு எப்ப சாப்பிடுறீங்களோ, அது முடிஞ்சதும் ஒண்ணு. மதியம் மாத்திரை கிடையாது. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் ஒண்ணு."

பக்கத்து வீட்டிலிருந்து டெய்லர் மனைவி குரல் கொடுத்தாள். "மைனி, யாரு வந்துருக்கா?"

"யாருமில்ல. சீட்டு பேசுது."

மனைவி இன்னொரு தடவை காட்டினாள். முழுதும் கேட்டாள். பிறகு போனைப் பார்த்துச் சொன்னாள்.

"மதியம் லீவுன்னு சொன்னா என்ன கொறஞ்சா போவும்?"